நாலாவது சிவப்புத் துணி

"ஐயோ, என் முட்டி!"

கொழுந்தன் போட்ட சத்தத்தில், ஷெட்டின் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

"பானட் லிவர இழுன்னுதான் சொன்னேன். உள்ள போய்க் குடித்தனம் பண்ணச் சொல்லல," என்றாள் அண்ணி.

"எங்க பண்றது? சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல ஒரு வாழைப்பழம் வேணா உட்காரலாம். நான் மனுஷன் அண்ணி."

"சீட்ட தள்ளாத. பின்பக்கம் காட்டற கண்ணாடிய தொடாத. போன வியாழக்கிழமை எது எங்க இருந்துச்சோ அது அங்கயே இருக்கணும். லிவர இழுத்துட்டு வெளிய வா."

பானட் 'டொப்' என்று வாய் திறந்தது. கொழுந்தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே நொண்டி வந்தான்.

அண்ணி இருபத்திரண்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எது எப்படி உடைந்தது என்று எழுதிக் கொடுத்தவள். ஐந்தடி உயரம், தடிமனான கண்ணாடி, கைப்பையில் எப்போதும் ஒரு டார்ச் லைட். வேலையை விட்ட பிறகும் உடைந்த வண்டிகள் அவளை விடவில்லை. 'அண்ணி' என்று கூப்பிடும் உறவு கொழுந்தனுக்கு மட்டும்தான். அவள் கணவனின் தம்பி அவன். ஆனால் அவன் ஊர் முழுக்க அப்படியே சொல்லிச் சொல்லி, இப்போது போலீஸ்காரர்கள்கூட அவளை அண்ணி என்றே கூப்பிடுகிறார்கள். அவன் முன்பு டாக்ஸி ஓட்டினான். அவன் பேச்சைத் தாங்க முடியாமல் பயணிகள் பாதி வழியில் இறங்கிக்கொண்டதால், அந்தத் தொழில் அவனை விட்டு இறங்கிவிட்டது.

ஷெட்டின் உள்பக்கம் வீட்டுக்குப் போகும் கதவு. அதன் நிலையில், மேல்கட்டைமேல், பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் துண்டை ஆணியடித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரனின் தலைக்காக. ஆறடி இரண்டு அங்குலம். தெருவில் 'ஏணி மெக்கானிக்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

அந்தக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள் மெக்கானிக்கின் மனைவி. இந்த வழக்கை அண்ணியிடம் கொண்டுவந்தவள் அவள்தான். வலது கை கட்டைவிரலால் இடது கை நகங்களில் இருந்த ஊதா நிற நெயில் பாலிஷைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். காலடியில் ஊதாச் செதில்கள் உதிர்ந்து கிடந்தன.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றாள் அண்ணி. "உங்க வீட்டுக்காரர் போலீஸ்ல என்ன சொன்னாரு?"

"வேல முடிஞ்சு, வண்டிய ஓட்டிப் பார்க்க எடுத்தேன். மேட்டுல ஏறும்போது எஞ்சின் தானா நின்னுடுச்சு. வண்டி பின்னால உருண்டு சாவிக்காரர் மேல மோதிடுச்சு." மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஷெட் வாசலைத் தாண்டினால் தெரு மேடாக ஏறும். மேட்டின் அடியில், எதிர்ச் சுவர் ஓரமாக, ஒரு பெரிய குடைக்குக் கீழே பூட்டுக்குச் சாவி செய்து கொடுப்பவர் உட்கார்ந்திருப்பார். அன்று மத்தியானம் தெருவில் வேறு ஆள் இல்லை. வண்டி பின்பக்கமாக வந்து அவரைச் சுவரோடு நெருக்கியது. வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கின. சாவியை அராவுகிற கை. "பின்னாடி லைட்டத்தான் பார்த்தேன், வேற ஒன்னும் பார்க்கல," என்று அவர் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு நாலு மணிக்குப் போலீஸ்ல இருந்து வண்டி ஆய்வாளர் வராரு," என்று தொடர்ந்தாள் மனைவி. "அவர் முன்னாடி என் வீட்டுக்காரர் எஞ்சினப் பிரிச்சுக் காட்டப் போறாராம். உள்ள ஒரு துணிய மறந்து வெச்சுட்டேன், தப்பு முழுக்க என்னோடதுன்னு எழுதிக் கொடுக்கப் போறாராம்."

"எழுதிக் கொடுத்தா?"

"ஜெயிலுக்குப் போகணும் மேடம். வெளிய வந்தாலும், எஞ்சினுக்குள்ள துணிய மறந்த மெக்கானிக்கிட்ட யார் வண்டி விடுவாங்க? பதினெட்டு வருஷத்துல அவர் ஒரு வாஷர்கூட மறந்ததில்ல. அவர் வேலையில தப்பு இல்லன்னு நீங்க காட்டுங்க. எனக்கு அது போதும்."

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றேகால். மெக்கானிக் காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆறு நாளாக அப்படித்தான். சாவிக்காரருக்கு ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு, மூன்று மணிக்குத்தான் திரும்புவான். ஆய்வாளர் அண்ணிக்குப் பழைய பழக்கம். காலையில் போனில், "பிரிச்சுப் பாருங்க, ஆனா ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு போட்டோ வேணும்," என்று அனுமதி கொடுத்திருந்தார்.

"துணி எங்க இருந்து வரும் அண்ணி, எஞ்சினுக்குள்ள? அதென்ன அலமாரியா?" என்றான் கொழுந்தன்.

இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் அண்ணிக்குச் சாப்பாடே வேண்டாம்.

"எஞ்சின் மூச்சு வாங்கும் தம்பி. இதோ இந்த வட்டப் பெட்டியில காத்து வடிகட்டி வரும். கீழ கார்புரேட்டர்ல பெட்ரோலோட கலக்கும். அப்புறம் ஒரே வாய் வழியா நுழைஞ்சு, நாலு குழாயா பிரிஞ்சு, நாலு சிலிண்டருக்கும் போகும். இந்த நாலு கால் அலுமினியக் குழாய்தான் இன்லெட் மேனிஃபோல்டு. வருஷக்கணக்கா இதுக்குள்ள கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கழட்டி, கழுவி, திருப்பி மாட்டணும். வியாழக்கிழமை ஏணி செஞ்ச வேல அதுதான்."

"துணி?"

"கழட்டினதும் எஞ்சின் பக்கம் நாலு ஓட்டை வாயத் திறந்துட்டு இருக்கும். ஒரு நட்டு தவறி உள்ள விழுந்தா எஞ்சின் காலி. அதனால ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு துணியத் திணிச்சு வைப்பாங்க. மாட்டறதுக்கு முன்னாடி எடுத்துடணும்."

"எடுக்காம விட முடியாது மேடம்," என்றாள் மனைவி. "அவரு நாலு துணியையும் ஒரே கயித்துல முடிச்சுப் போட்டு வெச்சிருப்பாரு. ஒன்னு கையில வந்தா நாலும் வந்துடும். கண்ணுல படணும்னு சிவப்புத் துணி. ஒவ்வொரு வேலைக்கு அப்புறமும் அவரே சோப்புப் போட்டுத் துவைச்சு, அந்த ஆணியில மாட்டுவாரு."

மூவரும் ஆணியைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக் கயிறு தொங்கியது. அதில் மூன்று சிவப்புத் துணிகள்.

அண்ணி கிட்டே போய்க் கயிற்றின் நுனியை டார்ச் அடித்துப் பார்த்தாள். நூல் பிரிந்திருக்கவில்லை. ஒரே சீராக, நேர்க்கோடாக இருந்தது.

"அறுந்ததா, அறுத்ததா?" என்றான் கொழுந்தன்.

"மறதி கையில பிளேடு வெச்சுக்கிட்டு வராது தம்பி. ஸ்பேனர எடு."

வேலை ஆரம்பித்தது. முதலில் பேட்டரி ஒயர், பிறகு காற்று வடிகட்டி, பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள். ஒவ்வொன்றுக்கும் அண்ணி ஒரு துண்டுக் காகிதத்தில் எண் எழுதி ஒட்டினாள். கடைசியாக மேனிஃபோல்டின் முதுகிலிருந்து ஒரு தடித்த ரப்பர்க் குழாய் பிரேக் பக்கமாகப் போனது.

"இது எதுக்கு அண்ணி? மூச்சு விடற இடத்துல பிரேக்குக்கு என்ன வேல?"

"நல்ல கேள்வி. எஞ்சின் காத்த உறிஞ்சுது இல்லியா, அந்த உறிஞ்சற பலத்த இந்தக் குழாய் பிரேக்குக்குக் கடன் கொடுக்குது. அதனாலதான் நீ லேசா மிதிச்சாலே வண்டி நிக்குது. எஞ்சின் நின்னுட்டா உறிஞ்சறதும் நின்னுடும். மிச்சம் இருக்கற பலத்துல ஒரு தடவை பிடிக்கும், ரெண்டு தடவை பிடிக்கும். அப்புறம் மிதி கல்லு மாதிரி ஆயிடும். முழு உடம்பையும் போட்டு மிதிக்கணும். தெரிஞ்ச டிரைவர் உடனே ஹேண்ட் பிரேக்க இழுத்துடுவான்."

கதவுப் பக்கம் சுரண்டும் சத்தம் நின்றது. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.

இனி எட்டு நட்டுகள். அண்ணி குனிந்து முதல் நட்டைப் பார்த்தவள், அப்படியே நின்றாள். நட்டின் தலையிலிருந்து உலோகத்தின்மேல் வரை, மெல்லிய ஒரு கோடு. ஊதா நிறம். எட்டு நட்டிலும் எட்டுக் கோடுகள்.

"அழகு நிலையம் வேற நடத்தறாரா ஏணி?"

"முறுக்கி முடிச்ச நட்டுக்கு அடையாளம் போடறாரு. அப்புறம் யாராவது நட்ட அசைச்சா கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்." அண்ணி நிமிர்ந்தாள். "உங்க நெயில் பாலிஷாம்மா?"

"எப்பவும் என்னோடதத்தான் எடுப்பாரு. கேட்டா, இதுக்குன்னு கடையில விக்கற பெயிண்ட விட இது நல்லா நிக்குதும்பாரு."

"எப்பவுமே ஊதாவா?"

மனைவி தன் நகங்களைப் பார்த்தாள். "சிவப்பு. அது தீர்ந்து காஞ்சு போச்சு. இந்த ஊதா என் தங்கச்சி கொண்டு வந்தது. என்னப் பார்க்க வந்தா. நான் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கேன்னு, பிடிச்சு வெச்சு நகத்துல போட்டு விட்டுட்டுப் போனா."

"எப்ப வந்தாங்க?"

"ஞாயித்துக்கிழமை."

கொழுந்தனின் வாய் திறந்தது. விபத்து நடந்தது வியாழக்கிழமை. அண்ணி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஊதாக் கோட்டுக்குப் பக்கத்தில், உலோகத்தில் மட்டும், பொட்டு மாதிரி ஒரு சிவப்பு. அந்தச் சிவப்புக்கு எதிரே நட்டில் சிவப்பு இல்லை. கால் சுற்றுத் தள்ளி இருந்தது.

"விபத்துக்கு அப்புறம் ஒரு தடவை கழட்டி மாட்டியிருக்காங்க," என்றாள் அண்ணி. "தம்பி, ஓரத்துல இருந்து நடு நோக்கி லூஸ் பண்ணு. ஒரே பக்கமா கழட்டினா அலுமினியம் வளைஞ்சுடும்."

மேனிஃபோல்டு கையோடு வந்தது. எஞ்சினின் நான்கு ஓட்டைகள் தெரிந்தன. மூன்று காலி. மூன்றாவது ஓட்டையில் மட்டும் சிவப்பு.

அண்ணி அதை இரண்டு விரலால் இழுத்து, மூக்கின் கிட்டே கொண்டுபோய், பிறகு கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் முகர்ந்தான்.

"சோப்பு வாசன வருது!"

"ஓடற எஞ்சின்ல இருந்த துணின்னா பெட்ரோல்ல ஊறி, கரி பிடிச்சு, வால்வு வாயில மாட்டிக் கிழிஞ்சிருக்கும். இது இஸ்திரி போட்டா கல்யாணத்துக்குக் கட்டிக்கலாம். அதோட இன்னொன்னு. நாலுல ஒரு குழாய் அடைச்சிருந்தா எஞ்சின் எப்படி ஓடும்? நாலு பேர் தூக்கிட்டுப் போற கட்டில ஒருத்தன் விட்டுட்டான்னு வெச்சுக்கோ. ஸ்டார்ட் பண்ணின நொடியே ஆட ஆரம்பிச்சுடும். பதினெட்டு வருஷ மெக்கானிக்குக் காது கேட்காதா? வாசலத் தாண்டவே விட்டிருக்க மாட்டாரு."

கொழுந்தனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப யாரோ எதிரி! போட்டிக் கடைக்காரன்! திருட்டுத்தனமா உள்ள நுழைஞ்சு—"

"எதிரி இவ்வளவு சுத்தமா வேல பார்ப்பானா?" அண்ணி மேனிஃபோல்டைத் திருப்பிக் காட்டினாள். குழாய்களின் உள்பக்கம் குழந்தையின் பால் பாட்டில் மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒட்டும் முகத்தில் பழைய கேஸ்கெட்டின், காற்று கசியாமல் இடையில் வைக்கும் அட்டையின், ஒரு துணுக்குகூட இல்லை. இடையில் வைத்திருந்தது புத்தம் புது கேஸ்கெட். ஒரு முறை அமுங்கிய தடம் மட்டும்தான். "நட்டெல்லாம் ஒரே அளவு முறுக்கு. அது போதாதுன்னு எட்டுக் கோடு வேற. கவனமில்லாம வேல பார்த்த மாதிரி காட்டணும்னு நினைச்ச ஆளுக்கு, கவனமில்லாம வேல பார்க்கத் தெரியல. இந்த ஊர்ல அப்படி எத்தன பேர் இருக்காங்க?"

மனைவியின் இடது கை நகங்களில் இப்போது ஊதாவே இல்லை. வலது கைக்கு மாறியிருந்தாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெக்கானிக் வந்தான். கையில் காலி சாப்பாட்டு டப்பா. வாசலில் பழக்கத்தில் குனிந்து நிமிர்ந்தவன், மேசைமேல் கிடந்த மேனிஃபோல்டையும் அதன் பக்கத்தில் விரித்து வைத்திருந்த சிவப்புத் துணியையும் பார்த்தான். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கவில்லை. யார் நீங்கள் என்றும் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நீ ஒன்னும் பேசலியே?"

"ஒரு வார்த்தையும் பேசல."

அண்ணி அதை மனசுக்குள் ஒரு ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கு ஆய்வாளர் வராரு," என்றாள். "மாட்டுங்க. இந்தத் தடவை மூணாவது ஓட்டைய அடைக்காம."

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். பிறகு கை கழுவிவிட்டு வந்தான். மனிதன் உடைந்து போயிருந்தாலும் அந்தக் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது. பஞ்சுத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு முகங்களையும் துடைத்தான். டார்ச்சை வாங்கி நான்கு ஓட்டைகளுக்குள்ளும் பார்த்தான். விரலை விட்டும் தடவினான். அலமாரியிலிருந்து புது கேஸ்கெட் ஒன்றை எடுத்து, துளைக்குத் துளை பொருத்தினான். மேனிஃபோல்டை அதன்மேல் ஏற்றி எட்டு நட்டையும் கையாலேயே சுற்றிவிட்டு, டார்க் ரெஞ்சை எடுத்தான். சரியான அளவு முறுக்கு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ரெஞ்ச் அது. நடுவிலிருந்து ஆரம்பித்தான்.

"துணிய எப்ப வெச்சீங்க?" என்றாள் அண்ணி.

"வியாழக்கிழமை. மறந்து போய்—"

"வியாழக்கிழமை உங்க வீட்டுல ஊதா நெயில் பாலிஷ் கிடையாது."

ரெஞ்ச் பாதியில் நின்றது. பிறகு, டக்.

இரண்டாவது நட்டு. "திங்கக்கிழமை," என்றான் மெதுவாக. "போலீஸ்ல, ஆய்வாளர் எஞ்சினப் பார்ப்பாருன்னு சொன்னாங்க. உள்ள ஏதாவது இருக்கணுமே." டக்.

"கோடு எதுக்குப் போட்டீங்க?"

அவன் நிமிர்ந்து, அப்போதுதான் தெரிந்துகொண்டவனாக அந்த நட்டைப் பார்த்தான். "போட்டேனா?"

"எட்டு."

"கை போட்டிருக்கும்." டக்.

"பெட்ரோல் பம்ப் கெட்டுப்போச்சுன்னு காட்டியிருக்கலாமே. உங்க பேர் கெடாதே," என்றான் கொழுந்தன்.

"அப்ப வண்டிக்காரர் மேல பழி போகும். சரியா பராமரிக்கலன்னு எழுதுவாங்க. அவர் பன்னெண்டு வருஷமா என்கிட்ட வராரு. பழி என்னத் தாண்டி வேற யார்கிட்டயும் போகக் கூடாது." டக்.

ஐந்தாவது நட்டு. "எஞ்சின் நல்லா இருந்துச்சு. அப்புறம் ஏன் மேட்டுல நின்னுச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"கிளட்ச்ச சரியா விடல. என் தப்பு."

"பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் கிளட்ச் மறந்துடுச்சா?" என்றான் கொழுந்தன். சொன்ன பிறகு, ஜோக் அடிக்கிற இடம் இதில்லை என்று அவனுக்கே தோன்றியது.

"ஹேண்ட் பிரேக்?" என்றாள் அண்ணி.

ரெஞ்ச் வழுக்கி அவன் விரல் கணு அலுமினியத்தில் இடித்துக்கொண்டது. ரத்தம் கசிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

மீதி நட்டுகளையும் முறுக்கி முடித்தான். டக். டக். டக். டக். பெட்ரோல் குழாய், கேபிள், பிரேக்குக்குப் போகும் தடித்த குழாய். அண்ணியின் எண் காகிதங்களை அவன் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்ததும், திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான். மனைவி அந்தக் கையில் ஊதா பாட்டிலை வைத்தாள். எத்தனையோ வருஷமாக அப்படி நடந்திருக்கும். எட்டுக் கோடுகள் போட்டான்.

"சாவிய நான் திருப்பறேன்," என்றாள் அண்ணி.

ஓட்டுநர் சீட்டில் அவள் சுலபமாக உட்கார்ந்தாள். கொழுந்தனின் முட்டியைப் பதம் பார்த்த அந்த இடம், அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கால் மூன்று மிதிகளுக்கும் எட்டியது. தலையைத் திருப்பாமல் கண்ணாடியைப் பார்த்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்ற வண்டி அது. கண்ணாடியில் தெருவும், எதிர்ச் சுவரும், சுவரோரம் மடக்கி வைத்த பெரிய குடையும் முழுசாகத் தெரிந்தன. அவள் கொஞ்ச நேரம் அந்தக் குடையையே பார்த்தாள்.

எஞ்சின் முதல் திருப்பலில் பிடித்தது. கொழுந்தன் ஒரு டம்ளர் தண்ணீரை எஞ்சின்மேல் வைத்தான். தண்ணீரில் மெல்லிய வளையங்கள் மட்டும் வந்தன. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மெக்கானிக் முகம் கழுவ உள்ளே போனபோது, அண்ணி மனைவியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க கேட்டத நான் செஞ்சுட்டேம்மா. அவர் வேலையில தப்பு இல்ல. போட்டோவோட எழுதிக் கொடுப்பேன். ஆனா என் ரிப்போர்ட்ல இன்னும் ஒரு பக்கம் காலியா இருக்கு. அத நான் எழுதணுமா?"

வெளியே ஜீப் வந்து நின்றது.

ஆய்வாளர் வியர்த்த கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். போட்டோக்களைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கயிற்றின் நுனியைப் பார்த்தார். கேட்கக் கேட்க முகம் சிவந்தது.

"ஏன்யா ஏணி, உனக்கு என்ன பைத்தியமா? நல்ல எஞ்சினுக்குள்ள நீயே துணிய வெச்சுட்டு, நீயே மாட்டிக்கறியா? ஆதாரத்தக் கலைச்சதுக்கே உன் மேல கேஸ் போடலாம். சரி. வண்டியில குறை இல்ல. அப்ப தப்பு ஓட்டினவங்களோடது." நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "ஓட்டினது யாரு?"

"நான்தான் சார்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

ஆய்வாளரின் பேனா காகிதத்தைத் தொட்டது.

அப்போது மனைவி கதவிலிருந்து விலகி நடந்தாள். யாரையும் பார்க்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, சாத்திக்கொண்டாள். சீட்டை நகர்த்தவில்லை. கண்ணாடியைத் திருப்பவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரிந்த குடையைப் பார்த்தபடி இருந்தாள்.

"இறங்கு," என்றான் மெக்கானிக்.

அவள் இறங்கவில்லை.

"இறங்குன்னு சொல்றேன்ல!"

ஆய்வாளர் சீட்டைப் பார்த்தார். பிறகு ஆறடி இரண்டு அங்குல மனிதனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கொழுந்தனின் கை தானாகத் தன் முட்டிக்குப் போனது.

"விபத்து நடந்ததுக்கு அப்புறம் இந்த சீட்ட யாரும் தொடல," என்றாள் அண்ணி. "வண்டிய ஷெட்டுக்குள்ள நாலு பேர் தள்ளித்தான் கொண்டு வந்தாங்க. அவர் பானட்டுக்குக் கீழ இருக்கறத ஒன்னு விடாம யோசிச்சிருக்காரு. மெக்கானிக் இல்லியா. சீட்டுப் பக்கம் அவர் கண்ணே போகல."

மெக்கானிக் காரின் கூரைமேல் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டான். ஜன்னல் வழியாக, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஏன்டி?" என்றான்.

"வாயத் திறக்க மாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். திறக்கல. ஆனா யாராவது கண்டுபிடிச்சுட மாட்டாங்களான்னு இருந்துச்சு. அதான் இவங்களக் கூட்டிட்டு வந்தேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது பேசட்டுமா?"

அவன் தலையை நிமிர்த்தாமலே ஆட்டினான்.

"அதுக்கு முன்னாடி பத்து நாளா இவர்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டிருந்தேன் சார். லைசென்ஸ் இல்ல. அன்னிக்கு வேல முடிச்சுட்டு இவர் குளிக்கப் போனாரு. வண்டிய எடுத்துத் திருப்பி வெச்சு, வெளிய வரும்போது அசத்தலாம்னு நினைச்சேன். மேட்டுல எஞ்சின் நின்னுடுச்சு. பிரேக்க மிதிச்சேன். ரெண்டு தடவை பிடிச்சுது. மூணாவது தடவை கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஹேண்ட் பிரேக்க இவர் இன்னும் சொல்லித் தரல." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. "இதே கண்ணாடியில பார்த்துட்டே இருந்தேன் சார். அவர் குனிஞ்சு சாவி அராவிட்டு இருந்தாரு. ஹார்ன் அடிச்சிருந்தா எழுந்து ஓடியிருப்பாரு. ஹார்ன் என் கைக்குக் கீழதான் இருந்துச்சு. நான் அடிக்கல. எனக்குத் தோணல."

புறாக்கள் கூரைமேல் திரும்பி வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஓடி வந்து என்ன இறக்கி உள்ள தள்ளி, நீ இங்க இல்லவே இல்லன்னு சொன்னாரு. நானும் போய்ட்டேன். அந்த மனுஷன் தெருவுல கத்திட்டு இருக்காரு, நான் சமையல்கட்டுல நின்னுட்டு இருந்தேன். தினமும் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கறேன். நேத்து, யார் சமைச்சது, நல்லா இருக்குன்னு சொல்லுங்கன்னு இவர்கிட்ட சொல்லி விட்டிருக்காரு. அத என்னால..."

அவள் கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.

ஆய்வாளர் எழுதியதை அடித்துவிட்டு, கீழே புதிதாக இரண்டு வரி எழுதினார். பிறகு நோட்டை மூடினார்.

"லைசென்ஸ் இல்லாம ஓட்டினது, காயப்படுத்தினது, மறைச்சது. ஏணி, துணி விஷயத்துல நீயும் பதில் சொல்லணும். ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வரணும். நான் ஒன்னும் பண்ண முடியாதும்மா."

"தெரியும் சார்." அவள் கதவைத் திறந்து இறங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போற வழியில ஆஸ்பத்திரி வருமா?"

"இல்ல. அது எதிர்ப்பக்கம்."

ஜீப்பை நோக்கி நாலடி நடந்த பிறகு ஆய்வாளர் நின்றார்.

"முதல்ல அங்க போவோம்," என்றார்.

ஜீப் மேட்டில் ஏறி மறைந்தது. கொழுந்தன் ஷெட்டுக்குள் திரும்பி வந்தான். மேசைமேல் கிடந்த சிவப்புத் துணியை எடுத்தான். ஆணியில் தொங்கிய கயிற்றின் வெட்டுப்பட்ட நுனியில் அதை இரண்டு முடிச்சாகக் கட்டி, இழுத்துப் பார்த்து, நான்கையும் விரலால் தொட்டு எண்ணினான்.